அளந்த தண்ணீர்

1

கருணையைப் பற்றி நாம் நிறைய எழுதியிருக்கிறோம். கவிதையில் அது கிடைக்காமல் போன ஒன்றாகவும், விமர்சனத்தில் சந்தேகத்துக்குரிய ஒன்றாகவும் வந்துபோகிறது. இரண்டிலும் ஒரு சௌகரியம் உண்டு. கருணை என்றால் என்ன என்பது தெரிந்த விஷயம் என்று வைத்துக்கொண்டு, அது இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் பேசிக்கொண்டிருக்கலாம். போன வருஷம் சித்திரை வரை நானும் அந்தச் சௌகரியத்தில்தான் இருந்தேன். அதைக் கலைத்தது புத்தகம் எதுவும் அல்ல. பீளமேட்டில் ஒரு மருத்துவமனையில், என் தகப்பனாரின் கட்டில் காலில் தொங்கிய ஒரு காகிதம்.

அதில் இரண்டு பத்திகள். உள்ளே போனது, வெளியே வந்தது. மில்லி லிட்டரில். வங்கியில் பன்னிரண்டு வருஷமாகப் பற்றும் வரவும் எழுதிக்கொண்டிருப்பவனுக்கு அது அந்நியமான காகிதமாக இருக்க நியாயமில்லை. இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து டயாலிசிஸ் தொடங்கப்பட்டவருக்கு அவர்கள் வைத்திருந்த கணக்கு எளிமையானது: முந்தின நாள் சிறுநீராகப் போன அளவு, அதோடு 500 மில்லி. அப்பாவுக்கு அப்போது 200 மில்லிதான் போய்க்கொண்டிருந்தது. ஆக ஒரு நாளைக்கு 700. இதில் காலைக் காப்பி அடக்கம். மாத்திரை விழுங்கும் தண்ணீர் அடக்கம். ரசம், மோர், கஞ்சி எல்லாம் அடக்கம். சித்திரை வெயிலில், முப்பது வருஷம் மில்லில் ஸ்பின்னிங் டிபார்ட்மெண்டின் புழுக்கத்தில் நின்று செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்துப் பழகிய மனுஷனுக்கு 700 மில்லி.

அதற்குமேல் கேட்டால் கொடுக்கக் கூடாது. கொடுக்காமல் இருப்பது யாருடைய வேலை? டாக்டர் காலையில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் வந்து போகிறவர். அவர் உத்தரவு எழுதுகிறார். தாகத்தின் எதிரில் நிற்பதில்லை. நிற்பவள் நர்ஸ். “அம்மணி, ஒரு வாய் தண்ணி” என்று அப்பா கேட்கும்போதெல்லாம், “இப்ப வேண்டாமுங்கப்பா” என்று சொல்ல வேண்டியவள் அவள். ஒரு ஷிப்டில் இருபது முறை கேட்டால் இருபது முறை.

தாகத்தோடு கேட்கும் நோயாளிக்குத் தண்ணீர் இல்லை என்று சொல்வது பராமரிப்பு ஆகுமா? ஆகும் என்று வைத்தியம் சொல்லிவிடுகிறது. அதில் எனக்கு விவாதமில்லை. என் கேள்வி வேறு. சிறைக் காவலன் மறுக்கும் தண்ணீரும் இவள் மறுக்கும் தண்ணீரும் வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு ஒரே காரியமாகத்தான் தெரியும். கேட்பவனின் நாக்குக்கும் ஒன்றுதான். பின் எந்த இடத்தில் இரண்டும் பிரிகின்றன? உள்ளே இருக்கும் எண்ணத்தில் என்று சுலபமாகச் சொல்லலாம். எண்ணம் நல்லது என்பதை வைத்துக்கொண்டு மனிதர்கள் என்னென்ன செய்திருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். ஆகவே அந்தப் பதில் எனக்குப் போதவில்லை.

2

கொங்குச் சீமை மழை மறைவுப் பிரதேசம். மேற்கே மலை மழையைத் தடுத்து வைத்துக்கொள்கிறது. இந்தப் பக்கம் கிணறு வெட்டித்தான் தண்ணீரைப் பார்க்க வேண்டும். இப்படிப்பட்ட நிலத்தில் தண்ணீர் கொடுப்பது தர்மங்களில் முதலாவதாக ஆகிவிட்டதில் ஆச்சரியமில்லை. பீளமேட்டில் ஓர் இடத்துக்கே தண்ணீர்ப்பந்தல் என்று பெயர். பெயர் வைத்த காலத்துப் பந்தலும் பானையும் போய்விட்டாலும் பெயர் போகவில்லை. சிறுவாணித் தண்ணீரின் ருசியைப் பற்றிப் பெருமை பேசாத கோயமுத்தூர்க்காரனை நான் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்தவரிடம் எதற்காக வந்தார் என்று கேட்பதற்கு முன்னால் சொம்பை நீட்டுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது.

நம் காவிய மரபிலும் கருணையின் படிமம் வற்றாத பாத்திரம். மணிமேகலையின் கையிலிருக்கும் அமுதசுரபி எடுக்க எடுக்கக் குறையாது என்பதே அதன் விசேஷம். அளவு என்ற எண்ணமே அங்கே கருணைக்கு விரோதமானது. அளந்து கொடுப்பவன் கஞ்சன்.

இந்த மனோபாவத்தோடுதான் என் அத்தை பொள்ளாச்சியிலிருந்து ஒரு குலை இளநீரோடு வந்து இறங்கினாள். “உடம்புச் சூடுதான் எல்லாத்துக்கும் காரணம், ரெண்டு இளநி குடிச்சாச் சரியாப் போகும்.” நர்ஸ் அதைக் கட்டிலுக்கு அருகே வைக்கக்கூட விடவில்லை. இளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் இல்லாதவனின் ரத்தத்தில் அது தேங்கினால் இதயம் தாளம் தப்பி நின்றுவிடக்கூடும் என்பதைத் தன்னால் முடிந்த எளிய வார்த்தைகளில் சொன்னாள். அத்தைக்குப் புரிந்தது இளநீர் மட்டும்தான். தண்ணீருக்கும் அளவு என்று அறிந்தபோது வராந்தாவுக்கு வந்து என்னிடம் சொன்னாள்: “தண்ணி கேக்கறவனுக்குத் தண்ணி குடுக்காத ஊடு வெளங்குமா, சாமி?”

அத்தையின் கேள்வியை அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஒரு நிலத்தின் நெடுங்கால அனுபவம் அது. ஆனால் அந்த அனுபவம் ஒரு விஷயத்தைச் சொல்லாமலே எடுத்துக்கொண்டிருக்கிறது: குடித்த தண்ணீர் உடம்பைவிட்டு வெளியேறும் என்பதை. ஆரோக்கியமான சிறுநீரகங்கள் ஒரு நாளில் ஏறக்குறைய 180 லிட்டர் திரவத்தை வடிகட்டி, ஒன்றரை லிட்டர் அளவுக்கு வெளியே விட்டுவிட்டு மீதியை ரத்தத்துக்குத் திருப்பித் தருகின்றன. அந்த வாசல் அடைபட்டுவிட்டால் குடித்த நீர் முதலில் காலில் தேங்குகிறது, பிறகு முகத்தில், பிறகு நுரையீரலில். படுத்தால் மூச்சு முட்டும். தரையில் இருந்துகொண்டே நீரில் மூழ்குவது என்று அதைச் சொல்லலாம்.

இதில் இன்னொன்றும் உண்டு. ஒரு முறை டயாலிசிஸ் செய்யும் நாலு மணி நேரத்தில் சவ்வின் மறுபக்கமாகச் சுத்திகரித்த நீரில் கலந்த திரவம் நிமிஷத்துக்கு 500 மில்லி வீதம் ஓடுகிறது. கணக்குப் போட்டால் 120 லிட்டர். ஒரு நாள் முழுவதற்கும் 700 மில்லி அனுமதிக்கப்பட்ட ஒருவர், தன் ரத்தத்தைத் தொட்டும் தொடாமலும் 120 லிட்டர் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நாக்கு வறண்டு படுத்திருக்கிறார். அதிலிருந்து ஒரு மிடறு அவருக்கு இல்லை. இதைக் கவிதையில் எழுதினால் மிகைப்படுத்துகிறான் என்று நாமே சொல்வோம்.

3

டயாலிசிஸ் தொடங்குவது என்பதை ஒரு முடிவாக, ஒரு கையெழுத்தாக நான் கற்பனை செய்திருந்தேன். கையெழுத்தை நான்தான் போட்டேன். ஆனால் தொடக்கம் அந்தக் காகிதத்தில் நடக்கவில்லை. பல நாட்களில், சிறிது சிறிதாக, பெரும்பாலும் நர்சின் கையில் நடந்தது.

முதல் நாள் இரண்டு மணி நேரம்தான் ஓட்டினார்கள். ரத்தத்தின் வேகத்தையும் குறைத்து வைத்திருந்தார்கள். பணம் கட்டியிருக்கிறோமே, முழுசாகச் செய்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. நர்ஸ் விளக்கினாள். பல மாதமாகச் சேர்ந்த அழுக்கை ரத்தத்திலிருந்து ஒரேயடியாக எடுத்துவிட்டால் மூளைக்குள் இருக்கும் அழுக்கு அந்த வேகத்தில் வெளியே வராது. அப்போது ரத்தத்திலிருந்து நீர் மூளைக்குள் புகுந்து வீங்கும். தலைவலி, வாந்தி, வலிப்புகூட வரலாம். அதனால் முதலில் கொஞ்சம், மறுநாள் இன்னும் கொஞ்சம். சுத்தம் செய்வதிலேயே ஒரு வன்முறை இருக்க முடியும் என்பதை நான் முதலில் கேட்டது ஒரு தத்துவப் புத்தகத்திலிருந்து அல்ல.

கழுத்தில் செருகிய குழாய் தற்காலிகம். இடது கையில் தமனியையும் சிரையையும் இணைத்து ஃபிஸ்துலா என்று ஒன்று செய்தார்கள். அது முதிர்ந்து ஊசி ஏற்கத் தயாராவதற்கு ஒன்றரை மாதமோ அதற்கு மேலுமோ ஆகும். அந்தக் கையில் பிபி பார்க்கக் கூடாது, ஊசி போடக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, அதன் மேல் தலை வைத்துப் படுக்கக் கூடாது. நர்ஸ் அப்பாவின் வலது கை விரல்களை எடுத்து அந்த இடத்தில் வைத்து, தினமும் காலையில் இப்படித் தொட்டுப் பார்க்க வேண்டும், அதிர்வு நின்றுபோனால் உடனே வர வேண்டும் என்றாள். அப்பா கொஞ்ச நேரம் தொட்டுக்கொண்டே இருந்தார். “ஸ்பிண்டில் ஓடறாப்பல இருக்குது அம்மணி” என்றார். அதற்குப் பிறகு அந்தக் கை அவருடையதாக ஆயிற்று. அதுவரைக்கும் அது ஆஸ்பத்திரியினுடையது.

இப்படித்தான் எல்லாம். உப்பைக் குறைத்தால் தாகம் குறையும் என்பதையும், வாயைக் கொப்பளித்துத் துப்பலாம் என்பதையும், ஒரு ஐஸ் துண்டு ஒரு டம்ளர் தண்ணீரைவிட அதிக நேரம் தாங்கும் என்பதையும் (ஆனால் உருகினால் அதுவும் தண்ணீர், அதுவும் கணக்கில் வர வேண்டும்) அவள் அவருக்குக் கற்றுக் கொடுத்தாள். வேண்டாம் என்று சொன்ன ஒவ்வொரு முறையும் அதற்குப் பதிலாக எதையாவது கொண்டுவந்தாள். சில வேளை அது ஈரத்துணி. சில வேளை வெறும் பேச்சு.

நாங்கள், குடும்பத்தார், அவரிடம் பத்து நாள் சமாச்சாரம் என்று சொல்லி வைத்திருந்தோம். நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ அவர் எங்களை விட்டுவிட்டு அவளிடம் கேட்டார்: “இது எத்தனை நாளைக்கு அம்மணி?” அவள் என்னைப் பார்க்கவில்லை. “வேற கிட்னி வெச்சாத்தானுங்கப்பா நிறுத்தறது. இல்லீன்னா வாரத்துக்கு மூணு நாள், இருக்கற வரைக்கும்” என்றாள். அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு என்னிடம் திரும்பி, “மில்லு ஷிப்டு மாதிரிதான்” என்றார்.

டால்ஸ்டாய் 1886இல் வெளியிட்ட ‘இவான் இலியிச்சின் மரணம்’ நம்மில் பலர் படித்த கதை. அதில் சாகிறவனைச் சுற்றியிருக்கும் எல்லோரும் பொய் சொல்கிறார்கள். வேலைக்காரன் கெராஸிம் ஒருவன்தான் சொல்வதில்லை. அவன் எஜமானனின் கால்களைத் தன் தோளில் தாங்கி இரவெல்லாம் உட்கார்ந்திருக்கிறான். வகுப்பில் படித்த நாளிலிருந்து பராமரிப்புக்கு எனக்கு அதுவே உதாரணமாக இருந்து வந்திருக்கிறது. ஆனால் கெராஸிமின் வேலை ஒரு வகையில் சுலபம் என்று இப்போது நினைக்கிறேன். இவான் இலியிச் கேட்டதை அவன் கொடுத்தான். கேட்டதைக் கொடுக்காமல் அதே உண்மையோடு, அதே நெருக்கத்தோடு நிற்க வேண்டிய நிலைமை அவனுக்கு வரவில்லை.

4

எனக்கு வந்தது. நான் தோற்றேன். இதைத்தான் இந்தக் கட்டுரையில் எழுத வேண்டுமா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். எழுதாவிட்டால் மற்றதெல்லாம் வெறும் பேச்சு.

இரண்டு டயாலிசிசுக்கு நடுவில் நீண்ட இடைவெளி வரும் வார இறுதி. இரவுத் துணைக்கு நான் இருந்தேன். நர்ஸ் கடைசிக் கட்டிலில் யாருக்கோ ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தாள். அப்பா, “கண்ணு, நாக்கு ஒட்டிக்குது” என்றார். ஈரத்துணி வைத்தேன். மறுபடி சொன்னார். மூன்றாவது முறை அவர் ஒன்றும் சொல்லவில்லை, என்னைப் பார்த்தார். எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன். அவர் குடித்து முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். அந்த இரவும் அடுத்த இரவும் சேர்த்து ஏழு டம்ளர். காகிதத்தில் எதையும் எழுதவில்லை. காலையில் நர்ஸ் கேட்டபோது, இல்லை என்றேன்.

மூன்றாம் நாள் விடிகாலை அவரால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்து முன்னால் சாய்ந்து, தண்ணீருக்கு வெளியே எடுத்துப் போட்ட மீனைப் போல வாயால் மூச்சு வாங்கினார். எடை பார்த்தார்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. அதை மறைக்க வழியில்லை. கணக்குப்படி கூடியிருக்க வேண்டியது அரைக் கிலோகூட இல்லை. கூடியிருந்தது கிட்டத்தட்ட இரண்டு கிலோ. நர்ஸ் அவரை மிஷினுக்குக் கொண்டுபோக ஏற்பாடு செய்துகொண்டே என்னிடம் கேட்டாள். மறுபடியும் இல்லை என்றேன்.

அவள் கோபப்படவில்லை. “சார், நான் திட்டறதுக்காகக் கேக்கலீங்க. தண்ணி குடிக்காம எடை கூடியிருந்தா டாக்டர் இருதயத்தைப் பாக்கோணும். வேற மருந்து குடுக்கோணும். குடிச்சுக் கூடியிருந்தா எடுத்துட்டாப் போதும். எதுன்னு தெரியோணுமில்லீங்களா?”

வங்கியில் நாள் முடிவில் கணக்கு இடித்தால், காரணம் தெரியும் வரை அந்தத் தொகையை சஸ்பென்ஸ் கணக்கில் போட்டு வைப்போம். பணம் அங்கே சும்மா கிடக்கும். யாருக்கும் மூச்சு முட்டாது. என் தகப்பனாரின் நுரையீரலை நான் சஸ்பென்ஸ் கணக்காக வைத்திருந்தேன். ஏழு டம்ளர் என்று சொன்னேன். அவள் காகிதத்தில் 1400 என்று எழுதினாள். எழுதும்போது என் பெயரை எழுதவில்லை. எந்த நேரம் என்று மட்டும் கேட்டாள். நாலு மணி நேரத்தில் அந்தத் தண்ணீரை மிஷின் எடுத்துவிட்டது. பாதியில் ரத்த அழுத்தம் இறங்கியது. அவள் தலைமாட்டைத் தாழ்த்தி, கால்களை உயர்த்தி, ஆடுசதை இழுத்துப் பிடித்தபோது பாதத்தை மடக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கொடுத்த தண்ணீரை வெளியே எடுப்பதில் இருந்த வேதனை முழுவதும் அவருடையது. உழைப்பு அவளுடையது. எனக்கு மிஞ்சியது அந்த இரண்டு இரவு நிம்மதி.

5

இதை வைத்துத்தான் என் கேள்விக்குத் திரும்புகிறேன். நான் தண்ணீர் கொடுத்தது யாருடைய துன்பத்தை முடித்து வைக்க? அவருடைய தாகத்தை என்று நினைத்தேன். தாகம் ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தது. முடிந்தது, அவர் கேட்பதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாத என் துன்பம். கருணை என்ற பெயரில் நாம் செய்வதில் எவ்வளவு பங்கு இது என்பதை யோசிக்க வேண்டியிருக்கிறது. தண்ணீர்ப்பந்தலில் குடித்தவன் குடித்துவிட்டுப் போய்விடுகிறான். கொடுத்தவனுக்குப் புண்ணியம் அங்கேயே, அப்போதே சேர்ந்துவிடுகிறது. இருவருக்கும் இடையில் பாக்கி ஒன்றும் இல்லை. மறுப்பவளுக்கு அந்த வசதி கிடையாது. மறுத்த பிறகு போய்விட்டால் அவள் காவலனாகிறாள். போகாமல் நிற்க வேண்டும். அடுத்த முறை கேட்பதையும் கேட்க வேண்டும்.

ஆனால் இந்த இடத்தில் நம் நண்பர்கள் சிலர் எழுப்பக்கூடிய ஆட்சேபம் நியாயமானது. நன்மை எது என்பது எனக்குத் தெரியும், உன் உடம்புக்கு நான் பொறுப்பு என்று சொல்லும் குரல் ஆஸ்பத்திரியில் மட்டும் கேட்பதில்லை. அரசாங்கமும் கட்சியும் குடும்பமும் பேசும் குரல் அது. நர்சின் மறுப்பைப் புகழ்வது அந்தக் குரலுக்குப் பின்பாட்டுப் பாடுவதாகாதா?

டயாலிசிசின் சரித்திரத்திலேயே இதற்கு ஒரு உதாரணம் இருக்கிறது. 1960இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் பெல்டிங் ஸ்க்ரிப்னர் என்ற மருத்துவர், நோயாளியின் கையில் நிரந்தரமாகப் பொருத்தி வைக்கக்கூடிய டெஃப்லான் குழாயைக் கண்டுபிடித்தார். அதற்கு முன் ஒரு சில முறைகளுக்கு மேல் செய்ய முடியாதிருந்த டயாலிசிசை வருஷக்கணக்கில் செய்ய முடிந்தது. மிஷின்கள் குறைவு, நோயாளிகள் அதிகம். யாருக்கு என்று தீர்மானிக்க ஒரு குழுவை அமைத்தார்கள். ஒரு வக்கீல், ஒரு பாதிரியார், ஒரு இல்லத்தரசி, ஒரு அரசு அதிகாரி, ஒரு தொழிற்சங்கத் தலைவர், ஒரு அறுவை மருத்துவர், ஒரு வங்கிக்காரர். ஏழு பேர், பெயர் வெளியிடாமல். 1962இல் ‘லைஃப்’ பத்திரிகையில் ஷானா அலெக்ஸாண்டர் எழுதிய கட்டுரையால் உலகத்துக்குத் தெரிய வந்தது. வேலை, வருமானம், குடும்பம், சமூகத்துக்கு எவ்வளவு பிரயோஜனம் என்பதையெல்லாம் அவர்கள் எடை போட்டார்கள். அவர்களுடைய எண்ணமும் நல்லதுதான். அந்த வங்கிக்காரரைப் பற்றி நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. கடன் மனுவைப் பரிசீலிப்பதுபோல் அவர் உயிரைப் பரிசீலித்திருப்பார். எனக்கும் அது கைவந்த வேலைதான்.

அதற்கு முன்னதாக, 1943இல், ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் இருந்த ஹாலந்தில் காம்பன் என்ற சிற்றூரில் வில்லெம் கோல்ஃப் செயற்கைச் சிறுநீரகத்தை உருவாக்கியபோது நிலைமை வேறு. ஸாஸேஜ் அடைக்கும் செலோஃபேன் குழாயை உருளையில் சுற்றிச் செய்த கருவி அது. முதலில் சிகிச்சை பெற்றவர்களில் அநேகமாக எல்லோரும் இறந்துபோனார்கள். 1945 செப்டம்பரில் பிழைத்தெழுந்தவர் 67 வயதுப் பெண் ஒருவர். நாஜிகளுக்கு ஒத்துழைத்தவர் என்று சிறை வைக்கப்பட்டிருந்தவர். கோல்ஃப் நாஜிகளை எதிர்த்தவர். அந்தப் பெண்ணின் தகுதியை அவர் பரிசீலித்திருந்தால் அந்தக் கருவி அன்று ஓடியிருக்காது.

சியாட்டில் குழு நோயாளியின் யோக்யதையைக் கேட்டது. நர்ஸ் கேட்பது, எவ்வளவு குடித்தாய் என்பதை மட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. என் பொய் பிடிபட்ட சில நாட்களுக்குப் பிறகு அவளிடம் ஒரு நாள் கேட்டேன்: அவர் பிடிவாதமாக, எனக்குத் தெரிந்தேதான் குடிக்கிறேன், செத்தாலும் பரவாயில்லை என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? “ஏனுன்னு கேப்பனுங்க. எடுத்துச் சொல்லுவேன். அப்புறமும் குடிச்சா அவரு இஷ்டமுங்க. எவ்வளவுன்னு மட்டும் சொல்லச் சொல்லுவேன்” என்றாள்.

காவலனுக்கும் அவளுக்கும் நடுவில் இருக்கும் கோடு இந்தக் கடைசி வாக்கியத்தில் இருக்கிறது. அவள் கோருவது பணிவு அல்ல, உண்மையான கணக்கு. அவளுடைய மறுப்புக்குக் காரணம் கேட்கலாம், அவள் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறாள். அது நோயாளிக்குத் தெரியாமல் நடப்பதில்லை. மீறினால் அதற்குத் தண்டனையாக அவள் விலகிப் போவதில்லை. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அதே சொல், அதே டம்ளர், கொடுமையாகிவிடும். எண்ணம் எதுவாக இருந்தாலும் சரி.

6

மறுப்பைப் பற்றி இப்படி எழுதியதை வேறு ஒரு மறுப்புக்கு யாரும் சான்றாகக் காட்டிவிடக் கூடாது என்ற பயமும் இருக்கிறது.

டயாலிசிஸ் தொடங்கியவனின் வாழ்வு அங்கேயே முடிந்துவிடுவதில்லை. ஜெயப்பிரகாஷ் நாராயண் 1975இல் நெருக்கடி நிலையின்போது காவலில் இருந்த நாட்களில் சிறுநீரகங்கள் செயலிழந்து, 1979 அக்டோபர் 8இல் இறக்கும் வரை டயாலிசிசில்தான் வாழ்ந்தார். 1977இல் எதிர்க்கட்சிகளை ஒன்று சேர்த்ததும், ஆட்சி மாறியதும் ஒரு டயாலிசிசுக்கும் அடுத்த டயாலிசிசுக்கும் இடையில் நடந்த காரியங்கள். அவருக்குக் கருவி வாங்கப் பொதுமக்களிடம் நிதி திரட்டப்பட்டது; பிரதமரின் நிவாரண நிதியிலிருந்து இந்திரா காந்தி அனுப்பிய தொகையை அவர் ஏற்கவில்லை. நோயாளிக்கும் மறுக்கத் தெரியும். நம் மாநிலத்தில் 1984 அக்டோபரில் எம்.ஜி.ஆர். படுத்தபோது ‘சிறுநீரகம்’ என்ற சொல் டீக்கடை வரைக்கும் வந்தது. அண்ணன் மகள் லீலாவதி தந்த சிறுநீரகம் அந்த டிசம்பரில் புரூக்ளினில் பொருத்தப்பட்டதும் எல்லோருக்கும் தெரியும். தலைவர்கள், டாக்டர்கள், தானம் தந்தவர் எல்லோரும் பொது நினைவில் இருக்கிறார்கள். அவர்களுடைய இரவுகளில் தண்ணீரை அளந்து கொடுத்தவர்கள் அதில் இல்லை.

அவர்களுக்குக் கிடைத்தது இப்போது ஓரளவு மற்றவர்களுக்கும் கிடைக்கிறது. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் உண்டு. 2016இல் தொடங்கிய பிரதமரின் தேசிய டயாலிசிஸ் திட்டம் மாவட்ட மருத்துவமனைகளுக்கு மிஷின்களைக் கொண்டு வந்திருக்கிறது. 2021இல் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம், வயிற்றின் வழியாக வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்குத் திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டுபோய்த் தருகிறது. இவை சிறிய விஷயங்கள் அல்ல. ஆனாலும் வாரத்துக்கு மூன்று முறை செய்ய வேண்டியதை இரண்டு முறையோடு நிறுத்திக்கொள்கிறவர்களை அப்பாவோடு காத்திருந்த நாட்களில் பார்த்திருக்கிறேன். ஒருவர் அன்றைய கூலியை விட்டுவிட்டு வர முடியவில்லை என்றார். ஒரு பெண்மணிக்கு ஊரிலிருந்து வரும் பஸ் செலவே கட்டுப்படியாகவில்லை. அவர்களுக்கு அனுமதிக்கப்படும் தண்ணீரும் இன்னும் குறைவு, இடைவெளி நீளமல்லவா?

அவர்களுக்கும் ஒன்று மறுக்கப்படுகிறது. ஆனால் மறுப்பவர் யார் என்று தெரியவில்லை. ஏன் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. மறுத்த பிறகு அருகில் நின்று ஈரத்துணி வைப்பவரும் இல்லை. நர்ஸ் மறுக்கும் தண்ணீர் உயிரைக் காக்க. இது யாருடைய உயிரையும் காப்பதில்லை. சிக்கனம், பொறுமை, விதி என்ற சொற்களால் இந்த இரண்டாவது மறுப்பைப் பூசி மெழுகுவதற்கு நம் மொழியில் தாராளமாக வசதி இருக்கிறது. எழுதுகிறவர்கள் அந்த வசதியை உபயோகிக்காமல் இருப்பதே குறைந்தபட்ச நேர்மை.

7

அப்பா இப்போது வாரத்துக்கு மூன்று நாள் போய் வருகிறார். ஃபிஸ்துலா நன்றாக ஓடுகிறது. காலையில் எழுந்ததும் காதருகே கையை வைத்து அதன் இரைச்சலைக் கேட்கிறார். ஒரு பழைய எவர்சில்வர் டம்ளரில் உள்பக்கமாக ஆணியால் கோடு கீறி வைத்திருக்கிறார். அவருடைய அளவு அது. நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் தானே எழுதுகிறார். சில நாள் கணக்கு மீறுகிறது. அதையும் எழுதுகிறார். திங்கட்கிழமை தராசில் ஏறுவதற்கு முன்னால், “அம்மணி, இன்னிக்கு ஒன்னே முக்கா இருக்கும்” என்று சொல்லிவிடுகிறார். பெரும்பாலும் சரியாக இருக்கிறது.

சென்ற மாதம் ஒரு நாள், மிஷினிலிருந்து வந்து களைத்துப் படுத்திருந்தவர், “ஒரு நாளைக்கு இது போதும்னு நான் சொல்லுவேன் கண்ணு. அப்ப நீ அழாம இருக்கோணும்” என்றார். நான் பதில் சொல்லவில்லை. அப்படி ஒரு நாள் வரலாம். அன்று அவர் தண்ணீர் கேட்டால் கொடுப்பதுதான் சரியாக இருக்கும். கோடு கீறாத டம்ளரில், கேட்டபோதெல்லாம். சாகக் கிடப்பவரின் வாயில் பால் ஊற்ற நம்மிடம் முறை இருக்கிறது, உறவுக்காரர்கள் வரிசையாக வருவார்கள். அத்தையும் வருவாள். அன்றைக்கு நான் கொடுக்கும் தண்ணீர் அவருக்காகவா, முன்னைப் போல எனக்காகவா என்பது எனக்குத் தெரிய வேண்டும். டம்ளரைப் பார்த்து அதைச் சொல்லிவிட முடியாது. அன்றும் யாராவது எவ்வளவு என்று கேட்டால் உண்மையைச் சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறேன்.